மாதிரி ரயில் தடம் புரண்டால் எங்கே தேடுவது

பெட்டி தடம் புரண்டதும் நம் கை தானாக நீண்டு, அதைத் தூக்கி மறுபடி பாதையில் வைத்துவிடும். ரயிலும் கிளம்பிவிடும். கோளாறைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு அந்த ஒரு நொடியில் போய்விடுகிறது. பெட்டியைத் தொடாமல் ரயிலை நிறுத்துங்கள். எந்தச் சக்கரம் முதலில் இறங்கியது என்று குனிந்து பாருங்கள். இறங்கிய சக்கரம் ஸ்லீப்பர் கட்டைகளின் மேல் தட்டிக்கொண்டே ஓடியிருக்கும். கட்டைகளில் மெல்லிய வெட்டுத் தழும்புகள் தெரியும். அந்தத் தழும்பு எங்கே தொடங்குகிறதோ அந்த இடம்தான் நமக்கு வேண்டியது. பெட்டி சாய்ந்து கிடக்கும் இடம் அதிலிருந்து அரை மீட்டர் தள்ளிக்கூட இருக்கும்.

தொடங்கும் இடத்தில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, தேதியும் பெட்டியின் எண்ணும் எழுதிவிடுங்கள். இரண்டு வாரம் இப்படிச் செய்தால் போதும். டேப் துண்டுகள் பாதை முழுக்கப் பரவி இருக்காது. நான்கைந்து இடங்களில் குவிந்திருக்கும்.

என்னிடம் இருப்பது ஹெச்ஓ, அதாவது 1:87 அளவு. இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே 16.5 மி.மீ. சென்னையில் மொட்டை மாடி அறை ஒன்றில், எட்டடிக்கு நாலடி பிளைவுட்டில் தொடங்கி, பிறகு சுவரோரமாக நீட்டிக் கட்டிய பாதை. கீழே வரும் அளவுகள் எல்லாம் ஹெச்ஓவுக்கானவை. வேறு அளவில் கட்டியவர்கள் விகிதத்தை மாற்றிக்கொள்ளுங்கள், கோளாறுகள் ஒன்றுதான்.

எதையும் பிரிப்பதற்கு முன் பார்க்க வேண்டியது இது. ஒரே பெட்டி எல்லா இடத்திலும் கவிழ்ந்தால் கோளாறு பெட்டியில். எல்லாப் பெட்டியும் ஒரே இடத்தில் கவிழ்ந்தால் கோளாறு பாதையில். நீளமான பெட்டிகள் மட்டும், அதுவும் சில வளைவுகளில் மட்டும் கவிழ்ந்தால் கோளாறு நீங்கள் போட்ட வரைபடத்தில். மூன்றாவது வகையைத்தான் பலரும் முதல் இரண்டு வகை என்று எண்ணி, அரத்தை எடுத்துக்கொண்டு நல்ல தண்டவாளத்தைத் தேய்த்துவிடுகிறார்கள். நானும் ஒரு வருடம் தேய்த்தேன்.

ஒரு பெட்டி மட்டும், எங்கே போனாலும் கவிழ்கிறது

பெட்டியைத் திருப்பிப் போட்டு, அச்சில் உள்ள இரண்டு சக்கரங்களின் உட்பக்கங்களுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். ஹெச்ஓவில் அது 14.4 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். வெர்னியர் இல்லாவிட்டாலும் கவலையில்லை. அமெரிக்காவில் 1935 முதல் இயங்கும் என்எம்ஆர்ஏ என்ற மாதிரி ரயில் சங்கம் வகுத்த அளவுகளுக்கு ஒரு சிறிய எஃகு கேஜ் தகடு விற்கிறது. சக்கர இடைவெளி, தண்டவாள இடைவெளி, பாயிண்டில், அதாவது பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில், உள்ள காடிகள் என எல்லாவற்றையும் அந்த ஒரே தகட்டால் சோதிக்கலாம். இந்தப் பொழுதுபோக்கில் முதலில் வாங்க வேண்டிய கருவி அதுதான் என்பேன், இன்னொரு எஞ்சின் வாங்குவதற்கும் முன்பாக. சக்கரம் உள்ளே ஒடுங்கியிருந்தால் மெதுவாக முறுக்கியபடி வெளியே இழுத்துச் சரிசெய்யலாம்.

அடுத்து போகி, அதாவது பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கித் திரும்பும் சட்டம். இரண்டு போகியின் திருகையும் இறுக்கிவிட்டால், பாதையில் உள்ள சிறு மேடு பள்ளத்துக்குப் பெட்டி வளைந்து கொடுக்காது. ஒரு போகி பக்கவாட்டில் ஆடாமல் திரும்ப மட்டும் செய்யட்டும். மற்றது திரும்பவும் வேண்டும், இடவலமாகக் கொஞ்சம் ஆடவும் வேண்டும். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்கும் அல்லவா, அதே கணக்குதான்.

பிறகு எடை. அந்தச் சங்கத்தின் பரிந்துரைப்படி ஹெச்ஓ பெட்டிக்கு அடிப்படையாக ஒரு அவுன்ஸ், அதன் மேல் நீளத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். நம் ஐசிஎஃப் பெட்டியின் (சென்னைத் தொழிற்சாலையின் பழைய வகைப் பயணிகள் பெட்டி) உடல் நீளம் 21.337 மீட்டர், 1:87இல் 245 மி.மீ. கணக்குப் போட்டால் 165 கிராம் வருகிறது. இந்திய ரயில் மாதிரிகளுக்கு இது இன்னும் முக்கியம். நம் அகலப்பாதை 1676 மி.மீ.; அதை 87ஆல் வகுத்தால் 19 மி.மீ.க்கு மேல் வரும். ஆனால் ஹெச்ஓ பாதை 1435 மி.மீ. அகலமுள்ள உலகப் பொதுப்பாதைக்குச் செய்த 16.5 மி.மீ. பாதை. அகலமான நம் பெட்டி அதைவிடக் குறுகிய காலில் நிற்கிறது. அதனால் எடையைக் கூரைக்கு அருகே வைக்காமல், தரையோடு தரையாக ஒட்டுங்கள். டயர் கடையில் சக்கர பேலன்சுக்கு ஒட்டும் எடைப் பட்டை இதற்கு மிகப் பொருத்தம். 5 கிராம், 10 கிராம் துண்டுகளாக, பின்புறப் பசையோடு கிடைக்கும்.

எல்லாப் பெட்டியும் ஒரே இணைப்பில் துள்ளுகிறது

கண்ணை நம்பாதீர்கள், நகத்தை நம்புங்கள். ஆள்காட்டி விரல் நகத்தைத் தண்டவாளத்தின் மேற்புறத்தில் வைத்து இணைப்பைக் கடந்து இழுங்கள். பிறகு உட்பக்க விளிம்பில், சக்கரம் உரசும் இடத்தில், அதேபோல் இழுங்கள். நகம் எங்கே மாட்டுகிறதோ அங்கேதான் சக்கரமும் மாட்டுகிறது. மேற்புறத்தில் மாட்டினால், ஒரு தண்டவாளம் ஜாயினருக்குள், அதாவது இரண்டு நுனிகளையும் சேர்க்கும் சிறு கவ்விக்குள், நுழையாமல் அதன் மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கும். இது மிகச் சாதாரணமாக நடப்பது. பாதை ஒட்டி ஜல்லி போட்ட பிறகுதான் தெரியவரும் என்பதுதான் வேதனை. ஒவ்வொரு இணைப்பையும் போட்டவுடனேயே டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து அடித்துப் பாருங்கள். ஜாயினரின் இரண்டு உதடும் தண்டவாளத்தின் அடிப்பாகத்தை இரு பக்கமும் கவ்வியிருக்க வேண்டும்.

உட்பக்க விளிம்பில் மாட்டினால் மெல்லிய அரத்தால் அந்த மூலையை மட்டும் சாய்வாக நான்கைந்து இழுப்பு இழுத்தால் போதும். பிறகு 600 எண் உப்புத்தாளால் ஒரு முறை தடவிவிடுங்கள்.

வளைவின் நடுவே இணைப்பு வந்தால் வேறு மாதிரி. ஃப்ளெக்ஸ் டிராக்கை, அதாவது வேண்டியபடி வளைக்கக்கூடிய நீளப் பாதையை, வளைத்துப் பிடித்தால் அதன் நுனி நேராகவே நிற்கப் பார்க்கும். இரண்டு நுனிகளும் சந்திக்கும் இடத்தில் ஒரு முழங்கை உண்டாகிறது. வட்டமாக இருக்க வேண்டிய வளைவு அந்த இடத்தில் பலகோணமாகிவிடுகிறது. இதற்கு அரம் உதவாது. இரண்டு துண்டையும் மேசை மேல் நேராக வைத்து, ஜாயினர் போட்டு, ஈயம் வைத்துப் பற்றவைத்து, ஒரே நீளமாக்கிய பிறகு வளையுங்கள். வளைக்கும்போது உள்வளைவுத் தண்டவாளம் நுனியில் வெளியே நீளும், மிச்சத்தை வெட்டிவிடுங்கள். ஈயம் தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தில்தான் போக வேண்டும். உள்பக்கம் ஒரு பொட்டு வழிந்தாலும் சக்கர விளிம்பு அதில் ஏறும்.

ஏற்கெனவே ஒட்டிய பாதையில் முழங்கை இருந்தால்? வெந்நீரில் நனைத்த துணியை ஜல்லி மேல் அரைமணி நேரம் போட்டுவையுங்கள். ஃபெவிகால் தண்ணீர் கலந்து ஒட்டிய ஜல்லி என்றால் இளகி வந்துவிடும். அந்த ஒரு சாண் நீளத்தை மட்டும் எடுத்து, கண் மட்டத்தில் பலகையோடு கண்ணை வைத்துப் பார்த்தபடி ஊசி குத்தி மறுபடி நிறுத்துங்கள். மேலிருந்து பார்த்தால் சரியாகத் தெரியும் வளைவு, தண்டவாள மட்டத்திலிருந்து பார்த்தால் எங்கே உடைகிறது என்று சொல்லிவிடும்.

பாயிண்டில் தடம் புரள்கிறது

எனக்கு வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் இதுதான். எந்தத் திசையில் கவிழ்கிறது என்பதைப் பொறுத்து விடை மாறும்.

ரயில் நாக்குத் தண்டவாளத்தின், அதாவது பாயிண்டில் இடவலமாக நகரும் கூர்முனைத் துண்டின், நுனியை எதிர்கொண்டு வரும்போது, ஒரு போகி நேராகவும் அடுத்த போகி கிளையிலும் போனால், நாக்கு முழுதாக ஒட்டவில்லை என்று பொருள். பாயிண்டை நகர்த்திவிட்டு, நாக்கின் நுனியைப் பக்கத்துத் தண்டவாளத்தோடு பார்த்தால் வெள்ளைக் கோடு போல வெளிச்சம் தெரியும். அங்கே ஒரு துண்டு செய்தித்தாளைச் செருகிப் பாருங்கள். உள்ளே போனால் சக்கரமும் போகும். பெரும்பாலும் காரணம் ஒரு கடுகளவு ஜல்லிதான். நாக்கை நகர்த்தும் குறுக்குக் கட்டைக்கு அடியில், நாம் எதிர்பார்க்காத இடத்தில், பசையோடு ஒட்டியிருக்கும். பாயிண்டின் நகரும் பகுதியில் ஜல்லிப் பசையே படக்கூடாது. அந்தப் பகுதியில் அடித்தளத்துக்கு ஜல்லி நிறச் சாயம் பூசி, உலர்ந்த ஜல்லியை ஒற்றை வரிசையாகத் தூவி, பசையை ஊசி மருந்துக் குழாயால் சொட்டுச் சொட்டாக வையுங்கள். பசை காயும் வரை பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பாயிண்டை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனாலும் செய்யுங்கள்.

ஜல்லி இல்லை, இருந்தும் நுனியில் ஏறுகிறது என்றால் நுனி மொட்டையாக இருக்கிறது. உட்பக்கத்தில் மட்டும் மென்மையாக அரம் போட்டு, கத்தி முனைபோல ஆக்குங்கள். மேற்புறத்தையும் நுனியில் ஒரு மயிரளவு தாழ்த்தினால் சக்கரம் மோதாமல் வழுக்கிப் போகும்.

இரண்டு உள் தண்டவாளங்கள் சந்திக்கும் கிராசிங் மூக்கில் துள்ளினால் கதை வேறு. சக்கரம் அங்கே ஒரு இடைவெளியைத் தாண்ட வேண்டும். அந்த நேரத்தில் அது மூக்கின் மேல் ஏறாமல் இருக்க, எதிர்ப்பக்கத் தண்டவாளத்தை ஒட்டி நிற்கும் சிறு துண்டான செக் ரெயில் மறு சக்கரத்தின் முதுகைப் பிடித்து இழுத்துக்கொள்கிறது. செக் ரெயிலுக்கும் தண்டவாளத்துக்கும் இடையே உள்ள காடி அகலமாக இருந்தால் அந்தப் பிடி தளர்ந்துவிடும். கேஜ் தகட்டால் அளந்து, அகலமாக இருந்தால் கால் மி.மீ. பிளாஸ்டிக் தகட்டைச் செக் ரெயிலின் சக்கரம் உரசும் முகத்தில் சூப்பர் குளூவால் ஒட்டுங்கள். பத்து நிமிட வேலை. ஒரு பாயிண்டின் குணத்தையே அது மாற்றிவிடும். ஒட்டும் முன் கேஜ் தகட்டால் சக்கரங்களையும் பார்த்துவிடுங்கள். சக்கரம் தவறாக இருந்து பாயிண்டைத் திருத்தினால், பிறகு நல்ல சக்கரங்கள் அதில் மாட்டும்.

இவை எதுவும் இல்லை, பாயிண்ட் புதிது, ஆனாலும் கவிழ்கிறது என்றால் ஒரு சிறு ரசமட்டத்தை அதன் குறுக்கே வையுங்கள். பாயிண்டுக்கு அடியில் கார்க் ஷீட் இரண்டு துண்டாகச் சேர்கிறதா, ஏற்றம் அங்கே தொடங்குகிறதா என்று பாருங்கள். பாயிண்ட் என்பது தட்டையாக வார்த்த பொருள். மேடு தொடங்கும் இடத்திலோ பலகைகள் சேரும் இடத்திலோ வைத்தால் முறுக்கிக்கொள்ளும். ஏற்றம் தொடங்கும் இடத்துக்கு ஒரு பெட்டி நீளமாவது முன்பாகவே பாயிண்ட் முடிந்துவிட வேண்டும் என்று வரைபடத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

எஞ்சின் திக்கித் திக்கி ஓடுகிறது, பெட்டி விளக்குகள் மினுக்குகின்றன

துடைத்தால் சரியாகிறது, இரண்டே நாளில் மறுபடி மினுக்குகிறது. இந்தச் சுழலில் மாட்டியவர்கள் நிறைய. ஒரு வெள்ளைத் துணியை விரலில் சுற்றி ஒரு மீட்டர் தூரம் இழுத்துப் பாருங்கள். சாம்பல் நிறத் தூசி என்றால் வீட்டுத் தூசி. மையைப் போல் கரிய பிசுக்கு என்றால், சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே தெறிக்கும் நுண்ணிய தீப்பொறிகள் உண்டாக்கிய உலோக ஆக்சைடு, எண்ணெயோடு குழைந்தது.

உப்புத்தாளும் தேய்க்கும் ரப்பரும் உடனே பளபளப்பைக் கொடுக்கும். ஆனால் அவை விடும் கீறல்களில் பிசுக்கு உட்கார்ந்துகொள்ளும். அடுத்த முறை இன்னும் சீக்கிரம் கறுக்கும். எஃகு நாரை மட்டும் எடுக்கவே எடுக்காதீர்கள். அதன் துணுக்குகளை மோட்டாரின் காந்தம் இழுத்துக்கொள்ளும், எஞ்சின் போய்விடும்.

திரவம் எது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஐசோபுரோபைல் ஆல்கஹால் பிசுக்கை நன்றாகவே எடுக்கும். ஆனால் அது துருவத்தன்மை உள்ள திரவம். துருவத்தன்மையை உணர்த்தும் மின்காப்பு மாறிலி என்ற எண் அதற்கு 18 அளவில். மண்ணெண்ணெய், பெயிண்ட் கடையில் டர்பன்டைன் என்று கேட்டால் கொடுக்கும் மினரல் டர்பன்டைன் போன்ற துருவமற்ற திரவங்களுக்கு அது 2ஐ ஒட்டியே இருக்கும். ஆல்கஹால் போட்டுத் துடைத்த காலத்தில் என் பாதை வாரம் தவறாமல் கறுத்தது. டர்பன்டைனுக்கு மாறிய பிறகு மாதங்கள் தாங்குகிறது. துணியில் நான்கு சொட்டுதான். பாதை மேல் ஊற்றக் கூடாது. மின்சாரத்தை நிறுத்தி, சன்னலைத் திறந்து, துடைத்த பிறகு உலர்ந்த துணியால் ஒரு முறை இழுத்து, கால்மணி நேரம் கழித்தே ரயிலை விடுங்கள். தீப்பற்றும் திரவம் இது. துணியை மூடிய குப்பைக்கூடையில் அழுத்திப் போடாமல் வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.

பாதையை மட்டும் துடைத்து சக்கரங்களை விட்டுவிட்டால் ஒரே சுற்றில் அழுக்கு திரும்பிவிடும். ஒரு டிஷ்யூ தாளை நனைத்துத் தண்டவாளத்தின் குறுக்கே போட்டு, எஞ்சினின் ஒரு போகி தாள் மேலும் மற்றது வெறும் பாதையிலும் இருக்கும்படி பிடித்துக்கொண்டு ஓடவிடுங்கள். தாளில் இரண்டு கரிய கோடு விழும். கோடு வெளுக்கும் வரை தாளை நகர்த்துங்கள். பிறகு எஞ்சினைத் திருப்பிப் பிடித்து மறு போகி. பிளாஸ்டிக் சக்கரம் உள்ள பெட்டிகள்தான் பெரும்பாலும் அழுக்கைச் சுமந்து வருகின்றன. முடிந்தபோது உலோகச் சக்கரமாக மாற்றுங்கள்.

துடைத்தும் ஒரே இடத்தில் மட்டும் நிற்கிறது என்றால் அழுக்கு காரணமல்ல. அங்கே உள்ள ஜாயினரை விரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது விளக்கு எரிந்தால் ஜாயினர் தளர்ந்துவிட்டது. ஜாயினர் தண்டவாளங்களை நேராகப் பிடிப்பதற்கு. மின்சாரம் கொண்டுபோகும் வேலையை அதன் தலையில் நம்பிக் கட்டக் கூடாது. சென்னைக் கடற்காற்றில் அதன் உள்பக்கம் மங்கிப்போக இரண்டு வருடம் போதும். ஒவ்வொரு 914 மி.மீ. ஃப்ளெக்ஸ் டிராக்குக்கும் தனியாக ஒரு ஜோடி ஒயர் கீழே இறங்கட்டும்.

தூரம் போகப் போக வேகம் குறைகிறது

நிக்கல் சில்வர் என்ற பெயரில் வெள்ளி இருக்கிறதே தவிர, அந்தக் கலவையில் தாமிரமும் நிக்கலும் துத்தநாகமும்தான். தாமிரம் கடத்துவதில் பத்தில் ஒரு பங்குகூட அது கடத்தாது. ஆகவே பாதைக்கு அடியில் தடித்த தாமிர ஒயர் ஒன்று முதுகெலும்புபோல ஓட வேண்டும். வீட்டு வயரிங்குக்கு விற்கும் 2.5 சதுர மி.மீ. ஒயர் போதும், கிளை ஒயர்களுக்கு 0.5.

சோதிக்க ஒரு எளிய வழி: கார் இண்டிகேட்டரில் போடும் 12 வோல்ட், 21 வாட் பல்பை ஒயரோடு எடுத்து, கண்ட்ரோலருக்குப் பக்கத்தில் தண்டவாளத்தில் வைத்து எரியவிட்டு மல்டிமீட்டரில் வோல்ட் பாருங்கள். பிறகு பாதையின் தொலைகோடியில் அதேபோல். அரை வோல்ட் குறைந்தால் பரவாயில்லை. ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் கிளை ஒயர் போதவில்லை. பல்பு இல்லாமல் வெறும் மீட்டரில் பார்த்தால் எல்லா இடத்திலும் முழு வோல்ட் காட்டும். அந்த அளவு ஒன்றுக்கும் உதவாது. பல்பு கையைச் சுடும், கவனம்.

டிசிசி, அதாவது டிஜிட்டல் முறைக் கட்டுப்பாடு, வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். ஒரு ரூபாய் நாணயத்தை இரண்டு தண்டவாளத்தின் குறுக்கே வையுங்கள். பாதைக்கு மின்சாரம் தரும் பூஸ்டர் உடனே அதைத் துண்டிக்க வேண்டும். துண்டிக்காமல் நாணயம் சூடானால், அந்த இடத்தில் என்றாவது ஒரு ரயில் தடம் புரளும்போது முழு மின்னோட்டமும் எஞ்சினின் சக்கரம் வழியாகப் பாயும், போகி உருகும். பாதை நெடுக ஒவ்வொரு மீட்டருக்கும் வைத்துப் பாருங்கள்.

குறிப்பிட்ட பாயிண்டைத் திருப்பினாலே ஷார்ட் ஆகிறது

உலோகக் கிராசிங் உள்ள பாயிண்ட் என்றால், கிராசிங்கிலிருந்து கிளம்பும் இரண்டு உள் தண்டவாளங்களிலும் பிளாஸ்டிக் ஜாயினர் இருக்கிறதா என்று பாருங்கள். அதை மறந்திருந்தால் விடை அதுவே.

ரயில் சுற்றி வந்து தான் வந்த பாதையிலேயே எதிர்த்திசையில் சேரும்படி ஒரு கண்ணி உங்கள் பாதையில் இருந்தால், ஒயரிங் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் ஷார்ட் ஆகத்தான் செய்யும். வரைபடத்தை எடுத்து, ஏதாவது ஒரு இடத்தில் தொடங்கி, வலது தண்டவாளத்தைச் சிவப்புப் பென்சிலாலும் இடது தண்டவாளத்தை நீலத்தாலும் தொடர்ந்து வரைந்துகொண்டே போங்கள். சிவப்பும் நீலமும் ஒரே தண்டவாளத்தில் சந்திக்கும் இடம்தான் கண்ணி. அதன் இரண்டு முனையிலும் இரண்டு தண்டவாளத்தையும் வெட்டித் தனிப்பகுதியாக்க வேண்டும். அந்தப் பகுதி உங்கள் மிக நீளமான ரயிலைவிட நீளமாக இருக்க வேண்டும். இந்தப் பென்சில் வேலையைப் பலகை வாங்குவதற்கு முன்பே செய்திருந்தால் ஒரு மாலை நேரத்தோடு போயிருக்கும்.

நீளமான பெட்டிகள் மட்டும், சில வளைவுகளில் மட்டும்

இதைத்தான் நான் ஒரு வருடம் அரத்தால் தேடினேன். குட்டையான சரக்கு வண்டிகள் ஒரு குறையும் இல்லாமல் ஓடின. ஐசிஎஃப் பெட்டிகள் எட்டு சேர்த்தால் மூன்றாவதோ நான்காவதோ உள்பக்கமாகச் சாய்ந்தது. தண்டவாளம் சரி, சக்கரம் சரி, எடை சரி. கடைசியில் அளவு டேப்பை எடுத்து வளைவை அளந்தேன்.

பிரிட்டிஷ் செட் டிராக், அதாவது முன்பே வளைத்து விற்கும் பாதைத் துண்டு, வளைவுகள் 371, 438, 505, 572 மி.மீ. ஆரங்களில் வருகின்றன. என்னுடையது 438. வளைவின் ஆரம் பெட்டி நீளத்தைப்போல் எத்தனை மடங்கு என்று பாருங்கள். இரண்டு மடங்குக்குக் கீழே போனால் சண்டைதான். இரண்டரை மடங்கு இருந்தால் பெரும்பாலான வண்டிகள் ஒழுங்காக ஓடும். மூன்று மடங்கு என்றால் பார்க்கவும் அழகு. 245 மி.மீ. ஐசிஎஃப் பெட்டிக்கு 438 என்பது 1.8 மடங்கு. இரண்டரை மடங்குக்கு 613 வேண்டும். 23.54 மீட்டர் நீளமுள்ள புதிய வகை எல்எச்பி பெட்டி 1:87இல் 270 மி.மீ.; அதற்கு 675. பெட்டிக்குள் நீண்ட கொக்கி அமைப்பும், போகி முழுதாகத் திரும்ப இடமும் இருந்தால் இதைவிடக் குறுகலான வளைவிலும் போகும். ஆனால் பின்னோக்கித் தள்ளும்போது தன் சுயரூபத்தைக் காட்டும்.

வளைவில் இரண்டு ரயில்கள் ஒன்றையொன்று உரசுவதற்கும் இதே கணக்குதான். ஐசிஎஃப் பெட்டியின் போகி மையங்களுக்கு இடையே 14.783 மீட்டர்; மாதிரியில் 170 மி.மீ. 438 மி.மீ. வளைவில் அதன் முனைகள் கிட்டத்தட்ட 9 மி.மீ. வெளியே பிதுங்கும். அடுத்த பாதை 50 மி.மீ. தள்ளி இருந்தால், அதில் வரும் பெட்டியின் நடுப்பகுதி 7 மி.மீ.க்கு மேல் உள்ளே வரும். பெட்டியின் அகலம் 37. கூட்டினால் 54 மி.மீ. ஐம்பதில் அது அடங்காது. செட் டிராக்கில் இரண்டு பாதைக்கும் நடுவே 67 மி.மீ. விட்டிருப்பதன் காரணம் இதுதான். நேர்ப்பாதையில் அந்த இடைவெளி விகாரமாகத் தெரிந்தாலும் வளைவில் அது வேண்டும்.

இடது வளைவு முடிந்த கையோடு வலது வளைவு தொடங்கினால், ஒரு பெட்டியின் முனை இடது பக்கம் பிதுங்க, அடுத்த பெட்டியின் முனை வலது பக்கம் பிதுங்கும். நடுவில் உள்ள கொக்கி இரண்டையும் பக்கவாட்டில் பிடித்து இழுக்கிறது. இரண்டு வளைவுக்கும் இடையே குறைந்தது ஒரு முழுப் பெட்டி நீளத்துக்கு நேர்ப்பாதை விடுங்கள். எஸ் வளைவு போட்டதாகவே நினைவில்லை என்பீர்கள். இரண்டு இணைபாதைகளுக்கு நடுவே எதிரெதிராக இரண்டு சிறிய பாயிண்டை வைத்துப் போட்ட குறுக்கிணைப்பு என்ன? அதுவும் எஸ்தான், அதுவும் மிகக் கூர்மையான எஸ். பயணிகள் ரயில் போகும் பிரதான பாதையில் குறுக்கிணைப்புக்கு நீளமான பாயிண்ட் வாங்குங்கள். யார்டில் சிறியது போதும்.

வளைவைப் பிரித்துக் கட்ட முடியாத நிலையில் இருப்பவர்களுக்கு ஒரு பாதி மருந்து உண்டு. நேர்ப்பாதையிலிருந்து வளைவு திடீரென்று தொடங்கும் இடத்தை மட்டும் இளக்கி, ஒரு பெட்டி நீளத்துக்கு மெதுவாக வளையும்படி செய்யுங்கள். ஒரு மெல்லிய மரச் சட்டத்தின் ஒரு முனையை நேர்ப்பாதையோடு பிடித்துக்கொண்டு மறுமுனையை வளைத்தால், அது தானே வளையும் கோடுதான் அந்த இடைவளைவு. வளைவை இதற்காகச் சில மி.மீ. உள்ளே தள்ள வேண்டிவரும். முதல் பெட்டி வளைவுக்குள் நுழையும்போது வரும் வெட்டு குறைந்தாலே பாதித் தொல்லை தீரும்.

ஏற்றத்தில் சக்கரம் வழுக்குகிறது, உச்சியில் கொக்கி கழல்கிறது

ஒரு பாதை இன்னொன்றின் மேல் தாண்ட 75 மி.மீ. உயரமாவது வேண்டும். இரண்டு சதவீத ஏற்றத்தில் அதற்கு 3.75 மீட்டர் ஓட்டம் தேவை. எட்டடிக்கு நாலடிப் பலகையில் 505 மி.மீ. வளைவு போட்ட ஒரு சுற்றின் மொத்த நீளமே 5.8 மீட்டர்தான், ஏறவும் இறங்கவும் சேர்த்து 7.5 மீட்டர் அதில் எங்கே கிடைக்கும்? அதனால்தான் சின்னப் பலகையில் மேம்பாலம் கட்டியவர்கள் நான்கு சதவீதத்துக்குப் போய், வளைவின் இழுவையும் சேர்ந்துகொள்ள, மூன்று பெட்டிக்கே திணறுகிறார்கள். எஞ்சினில் எடை கூட்டுவதற்கு முன் ஏற்றத்தை ரசமட்டத்தால் அளந்து பாருங்கள். உச்சியிலும் அடியிலும் சரிவு மாறுவது ஒரு பெட்டி நீளத்துக்கு மேல் பரவட்டும்; அப்புறம் கொக்கி கழலாது.

கோடையில் மட்டும் பாதை நெளிகிறது

தகரக் கூரை போட்ட அறையில் சித்திரை மாதம் இது நடந்தது. ஆறு மீட்டர் நேர்ப்பாதையில் எல்லா இணைப்பையும் ஈயம் வைத்து அடைத்திருந்தேன். நல்ல வேலை என்று நினைத்துத்தான் செய்தேன். ஒரு நாள் மதியம் கதவைத் திறந்தபோது நடுவில் பாம்பு போல வளைந்து, ஸ்லீப்பர் கட்டைகளின் பிடியிலிருந்து தண்டவாளம் வெளியே வந்திருந்தது. நிக்கல் சில்வர் ஒரு மீட்டருக்கு ஒவ்வொரு டிகிரிக்கும் 0.016 மி.மீ. நீளும். 17 டிகிரி ஏறினால் ஆறு மீட்டருக்கு ஒன்றரை மி.மீ.க்கு மேல். அந்த நீட்சி போவதற்கு இடமில்லை. வளைவுகளில் ஈயம் வையுங்கள். நேர்ப்பாதையில் ஒன்று விட்டு ஒன்று திறந்துவிடுங்கள். பாதை போடும் நாள் குளிராக இருந்தால் விசிட்டிங் கார்டு கனத்துக்கு இடைவெளி விடுங்கள், கொளுத்தும் நாளில் போட்டால் நெருக்கமாகவே வைக்கலாம். மரச்சட்டம் மழைக்காலத்தில் ஈரம் குடித்து விரிவது இதைவிடப் பெரிய தொல்லை. பலகையின் மேல், கீழ், ஓரம் என எல்லாப் பக்கமும் பெயிண்ட் அடித்துவிட்டால் பெருமளவு அடங்கும். கீழ்ப்பக்கத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

கோளாறு எங்கே என்று தெரிகிறது, கை எட்டவில்லை

என் பாதையில் மலைக்கு அடியில் ஒரு பாயிண்ட் இருந்தது. வரைபடத்தில் மிக அழகாக இருந்தது. அதன் நாக்கு ஒட்டாமல் போன அன்று, தோளோடு கையை விட்டு, கண்ணாடி பிடித்து, டார்ச் பிடித்து, கடைசியில் மலையையே அறுத்தேன். மூன்று மாதம் செய்த மலை.

அதற்குப் பிறகு வரைபடத்தில் எதையும் நிலைப்படுத்தும் முன் ஒரு செய்தித்தாளைத் தரையில் பாதை வைக்கும் உயரத்துக்கு அடுக்கிய அட்டைப்பெட்டிகள் மேல் விரித்து, நின்றபடி கையை நீட்டிப் பார்க்கிறேன். 60 செ.மீ. வரை வசதியாக எட்டுகிறது. 75க்கு மேல் சட்டைப் பொத்தான் சிக்னல் கம்பத்தை உடைக்கிறது. குகைக்குள் பாயிண்டும் கூடாது, இணைப்பும் முடிந்தவரை கூடாது. அங்கே ஓடுவது முழு நீள ஃப்ளெக்ஸ் டிராக்காக இருக்கட்டும். குகையின் பின்சுவர் திறந்தே இருக்கட்டும், கை நுழையும் அகலத்துக்கு. மலை கழற்றி எடுக்கும்படி நான்கு திருகில் நிற்கட்டும். பாதையின் இரு பக்கமும் 20 மி.மீ. உயரத்தில் அட்டைத் தடுப்பு ஒட்டினால், உள்ளே கவிழும் பெட்டி தரையில் விழாமல் அங்கேயே சாய்ந்து நிற்கும்.

ஜல்லி ஒட்டுவதற்கு முன் கடைசியாக ஒரு சோதனை. உங்களிடம் உள்ளவற்றில் மிக நீளமான பெட்டிகள் பத்தைச் சேர்த்து, எஞ்சினைக் கடைசியில் மாட்டி, எல்லாப் பாயிண்ட்களின் இரண்டு கிளைகளிலும், மெதுவாகப் பின்னோக்கித் தள்ளுங்கள். இழுக்கும்போது மறைந்திருக்கும் முழங்கை, தளர்ந்த நாக்கு, நெருங்கிய எஸ் எல்லாம் தள்ளும்போது வெளியே வரும். மாஸ்கிங் டேப்பும் பேனாவும் கையில் இருக்கட்டும். டேப் ஒட்ட வேண்டியிராமல் மூன்று முறை முழுச் சுற்று போய்வந்த பிறகு ஃபெவிகாலைத் திறங்கள்.